நாற்பது நிமிடப் பேச்சை எங்கே ஏற்றுவது: தோட்டத்துப் பதிவுகளுக்கு ஏற்ற காணொலித் தளம் எது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டம் இன்று பெயரளவில்தான் இருக்கிறது. பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோவிலும் அதன் பக்கத்து அரசமரமும் மட்டும் நின்றுகொண்டிருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த நாங்கள் ஆறு பேர், எங்கள் பெற்றோர் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்களின் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 23 பேர் பேசியிருக்கிறார்கள். 31 மணி நேரத்துக்கு மேல் பதிவு சேர்ந்திருக்கிறது. பேசியவர்களில் நால்வர் இப்போது உயிரோடு இல்லை.

பதிவு செய்கிறவரையில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. எங்கே வெளியிடுவது என்ற பேச்சு வந்த அன்றுதான் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். எங்களில் இளையவரான தம்பி, டிக்டாக்கைத் தவிர வேறெதிலும் போட்டுப் பயனில்லை என்றார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், யூடியூப்தான் நிலைக்கும் என்றார். லாரி ஓட்டும் அண்ணன், தம் வயதுக்காரர்கள் எல்லாரும் முகநூலில் இருக்கும்போது வேறெங்கே போவது என்று கேட்டார். தம் தாயாரைப் பேச வைத்துக் கொடுத்த அக்காவோ, புலனக் (வாட்சப்) குழுவுக்குள் பகிர்ந்துகொண்டால் போதும், பொதுவில் வேண்டாம் என்றார். நால்வர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், மூன்று மாதம் எல்லா இடங்களிலும் சில பதிவுகளை ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதென்று தீர்மானித்தோம். கோவில் நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் குழுக்கள், இளைஞர் மணிமன்றங்கள் என்று பலரும் இதே கேள்வியோடு இருப்பதை அறிவேன். எங்கள் ஒப்பீடு அவர்களுக்கு ஒரு மாத அலைச்சலையாவது மிச்சப்படுத்தும் என்று நம்புகிறேன்.

தளங்களுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘எதில் அதிகம் பேர் பார்ப்பார்கள்?’ என்று கேட்டவரையில் எங்களால் எந்த முடிவுக்கும் வர இயலவில்லை. ‘யார் பார்க்க வேண்டும்?’ என்று கேட்டபோதுதான் வழி தெரிந்தது. எங்களுக்குப் பார்வையாளர்கள் மூன்று வகை. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிற, தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத பேரப்பிள்ளைகள் முதல் வகை. தோட்டம் கலைந்தபோது திசைக்கொருவராகச் சிதறிப்போன, இப்போது ஐம்பதும் அறுபதும் கடந்த எங்கள் வயதினர் இரண்டாம் வகை. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து, தன் பாட்டன் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று தேடப்போகிற யாரோ ஒருவர் மூன்றாம் வகை. இந்த மூவரும் ஒரே தளத்தில் கிடைப்பதில்லை. எங்கள் சிக்கல் முழுவதும் அதில்தான் அடங்கியிருந்தது.

குறுங்காணொலி எப்படி இவ்வளவு பரவியது என்பதை அறிந்துகொண்டால் ஒப்பிடுவது எளிது. 2013இல் வைன் என்ற செயலி ஆறு விநாடிக் காணொலியோடு வந்து, 2017 தொடக்கத்தில் மூடப்பட்டது. சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனம் 2016இல் தன் நாட்டுக்குள் டௌயின் என்ற செயலியையும், அடுத்த ஆண்டு வெளிநாடுகளுக்கு டிக்டாக்கையும் கொண்டுவந்து, பிள்ளைகள் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்த மியூசிக்கலி செயலியை வாங்கி, 2018 ஆகஸ்டில் டிக்டாக்கோடு இணைத்தது. இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் 2020 ஆகஸ்டில் பல நாடுகளுக்கு வந்தது. யூடியூபின் ஷார்ட்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் முதலில் இந்தியாவில் தொடங்கி, 2021இல் உலகெங்கும் பரவியது. நேரம் குறைந்ததைவிடப் பெரிய மாற்றம் இதில் ஒன்று உண்டு. முன்பெல்லாம் நாம் பின்தொடர்கிறவரின் காணொலிதான் நம் முன் வரும். இப்போது எதைக் காட்டுவது என்பதைச் செயலியே தேர்ந்தெடுக்கிறது. ஒருவர் எதை முழுவதும் பார்க்கிறார், எதற்கு விருப்பம் தெரிவிக்கிறார், எதைப் பகிர்கிறார், எந்த மொழியில் கைப்பேசியை வைத்திருக்கிறார் என்பனவற்றைக் கணக்கில் எடுப்பதாகவும், பின்தொடர்வோர் எண்ணிக்கை அதில் நேரடிக் காரணம் அன்று என்றும் டிக்டாக் 2020 ஜூனில் விளக்கியது. நேற்றுத் தொடங்கிய கணக்கிலிருந்து, முகம் தெரியாத தோட்டத்துப் பாட்டி ஒருவர், தம்மை அறியாத ஆயிரம் பேர் முன் போய் நிற்க முடிவது இதனால்தான். எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு இது பெரிய வரம்.

இது இளையோருக்கு மட்டுமான பொழுதுபோக்கு என்று நினைப்பவர் எங்கள் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் காலையில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். ரொட்டி சானாய் வரும்வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பவர்களில் நரைத்த தலைகளும் உண்டு. எழுபது கடந்த என் தாயார், கோலமும் முறுக்குச் சுற்றுவதும் பார்த்துப் பார்த்து, எப்படித் தள்ளுவது என்பதைத் தாமாகவே கற்றுக்கொண்டார்.

இனி டிக்டாக்கைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். 84 வயதுப் பாட்டி ஒருவர் நாற்பது நிமிடம் பேசியதிலிருந்து, பால் வெட்டும் முறையைச் செய்து காட்டும் பகுதியை மட்டும் 52 விநாடிக்கு வெட்டி எடுத்து முதலில் ஏற்றினோம். பழைய கைலித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்த உளியை எடுத்து வந்து, வாசலில் நிற்கும் பலா மரத்தின் மேல் வெட்டாமல் ஓட்டிக் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிவாக இறங்கும் அந்தக் கோட்டை அவர் கை தானாகவே போட்டது. “பட்டைதான் போகணும் தம்பி, மரத்துல காயம் படக் கூடாது. காயம் பட்டா அங்க பால் வராது, தண்டலும் விடமாட்டாரு” (தண்டல் என்றால் மேற்பார்வையாளர்) என்று சொல்லிக்கொண்டே, கட்டைவிரல் நகத்தால் பட்டையின் கனத்தை அளந்து காட்டினார். அந்த 52 விநாடிக்கு வெளியே எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள், ஜொகூர் பாருவிலிருந்து ஓர் இளைஞர், இது என் பாட்டியின் அக்கா என்று கருத்துப் பகுதியில் எழுதினார். அன்று மாலையே பாட்டியோடு தொலைபேசியில் பேசினார். அந்த இளைஞரை நாங்கள் வேறு எந்த வழியிலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவருக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது. செயலிதான் அவர் முன் கொண்டுபோய் வைத்தது.

இரண்டாவதாக ஏற்றியது தாத்தா ஒருவரின் பேச்சு. சிறுவனாகத் தாயோடு பால் வெட்டுக்குப் போன நாள்களில், காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாதென்று வாசலில் நிறுத்திச் சோதனை போட்டதை அவர் விவரித்திருந்தார். நாங்கள் 41 விநாடிக்குச் சுருக்கினோம். அவர் பேசியது அவசரகாலத்தைப் பற்றி. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பிய துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராதபடி அரிசியைக் கட்டுப்படுத்தினார்கள். முழுப் பதிவில் தாத்தா இவற்றையெல்லாம் ஒன்பது நிமிடம் பொறுமையாகச் சொல்கிறார். 41 விநாடியில் பட்டினியும் சோதனையும் மட்டும் மிஞ்சின. பார்த்தவர்களில் சிலர் அது ஏதோ ஒரு நிர்வாகத்தின் கொடுமை என்று வைதார்கள். வேறு சிலர் இனத்தைப் பழித்து எழுதத் தொடங்கினார்கள். மறுநாள் காலை அதை நீக்கிவிட்டோம். தாத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. வெட்டிய எங்களிடம்தான் பிழை.

மூன்றாவது பதிவை நாங்கள் ஏற்றவே இல்லை. சொல்லப்போனால், எங்கள் முடிவை உருவாக்கியது அதுதான். உளி பிடித்துக் காட்டிய அதே பாட்டியின் தந்தையை ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1942க்கும் 1943க்கும் இடையில் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் மிகப் பலர். பாட்டிக்கு அப்போது மூன்று வயது. தந்தையின் பெயர் என்ன என்று ஆசிரியர் கேட்டதும், பாட்டி வாய் திறக்கவில்லை. சேலை முந்தானையின் ஓரத்தை விரலால் மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பின்னால் அடுப்பில் விசில் சத்தம் கேட்கிறது. பதினொரு விநாடிக்குப் பிறகுதான் பெயரைச் சொன்னார். வெட்டித் தொகுக்கும் தம்பி, அந்த இடைவெளியை நீக்கினால்தான் ஆள்கள் தள்ளாமல் பார்ப்பார்கள் என்றார். குறுங்காணொலியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்; முதல் இரண்டு மூன்று விநாடியில் பிடிக்காவிட்டால் கட்டைவிரல் நகர்ந்துவிடும். ஆனால் அந்தப் பதினொரு விநாடியை எடுத்துவிட்டால் பாட்டி தம் தந்தையின் பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுப்பதுபோல் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டையும் போட்டுப் பார்த்தபின் தம்பியே, வேண்டாம் அண்ணே, இதை வெட்டக் கூடாது என்றார்.

ஆகவே எதை ஒரு நிமிடத்துக்குள் அடக்கலாம் என்பதில் எங்களுக்கு ஒரு தெளிவு வந்தது. கைவேலை, சமையல், ஒப்பாரியிலும் தாலாட்டிலும் இரண்டு அடி, பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் கூடிய விதம், தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி நடக்கும் நடை: இவை சுருக்கத்தில் கெடுவதில்லை, சில சமயம் மெருகுகூட ஏறுகின்றன. ஏன், யாரால், எதற்குப் பிறகு என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் பேச்சு எதையும் சுருக்குவதில்லை என்று முடிவு செய்தோம். டிக்டாக்கில் பத்து நிமிடக் காணொலியையும் ஏற்றலாம் என்பது 2022 முதல் இருக்கிற வசதிதான். ஏற்ற இடம் உண்டென்பதால் பார்க்கப் பொறுமை வந்துவிடாது என்பதை எங்கள் ஒன்பது நிமிடப் பதிவைப் போட்டுப் பார்த்து அறிந்தோம்.

டிக்டாக்குக்கு எதிரான இன்னொரு காரணம் தமிழராகிய நமக்கே உரியது. இந்திய அரசு 2020 ஜூன் 29ஆம் நாள் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் அதில் பெயர் பெற்றிருந்தவர்கள் ஒரே நாளில் தங்கள் பார்வையாளர்களை இழந்தார்கள். எங்கள் முதியவர்களில் பலர் சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்த ஊர்களில் மிஞ்சியிருக்கும் உறவுகளில் ஒருவராவது பார்த்துத் தொடர்பு கொள்ள வேண்டுமென்ற ஆசை எங்களுக்கு உண்டு. டிக்டாக்கில் போட்டால் அந்தக் கதவு மூடியே இருக்கும். தவிர, ஓர் அரசின் ஆணையோ ஒரு நிறுவனத்தின் முடிவோ ஒரே நாளில் எல்லாவற்றையும் அகற்றிவிடக்கூடும் என்பதற்கு வைனும் இந்தியத் தடையும் போதுமான சான்றுகள். எந்தத் தளமும் காப்பகம் ஆகாது என்பதைத் தனியாகச் சொல்லத்தான் போகிறேன்.

யூடியூபைப் பொறுத்தவரை, ஒரே கணக்குக்குள் குறுங்காணொலியும் நெடுங்காணொலியும் அடங்குவதுதான் அதன் பெரிய பலம். ஷார்ட்ஸ் முதலில் அறுபது விநாடிக்குள் இருக்க வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம்வரை ஏற்றலாம். ஷார்ட்ஸின் விளக்கப் பகுதியிலும் கருத்துப் பகுதியிலும் போடும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் இறுதி முதல் அழுத்தினால் திறப்பதில்லை. அதற்குப் பதிலாக, தொடர்புடைய காணொலி என்று நம் முழுப் பதிவையே அதன் கீழ் இணைக்கும் வசதியைத் தந்திருக்கிறார்கள். எங்கள் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. உளி பிடிக்கும் 52 விநாடியைப் பார்த்தவர், விரும்பினால் அடுத்த அழுத்தலில் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடுகிறார். பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட காணொலிகளை ஏற்றத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கை உறுதிப்படுத்த வேண்டும். அது ஐந்து நிமிட வேலை. விளக்கப் பகுதியில் 0:00 என்று தொடங்கி நேரத்தையும் தலைப்பையும் வரிசையாக எழுதினால், பதிவு தானாகவே பகுதிகளாகப் பிரிந்துகொள்கிறது. பால் வெட்டு, ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), சம்பள நாள், தீபாவளி, சயாம் என்று பிரித்துப் போட்டதும், நாற்பது நிமிடம் என்ற மலைப்பு பலருக்குக் குறைந்துவிட்டது.

தேடுவோர்க்கும் யூடியூபே ஏற்றது. டிக்டாக்கிலும் தேடலாம், ஆனால் கூகுளில் ஒரு தோட்டத்தின் பெயரைத் தட்டினால் யூடியூப் காணொலிகள் முன்னால் வருகின்றன. இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும்; எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தோட்டத்தின் பெயரை அவர்கள் ரோமன் எழுத்தில்தான் தட்டுவார்கள். நாங்கள் தமிழ் ஆர்வத்தில் முதல் ஐந்து பதிவுகளுக்கும் தமிழில் மட்டும் தலைப்பு வைத்து, யாரைத் தேடினோமோ அவர்களே தேடிக் கண்டடைய முடியாதபடி செய்துவிட்டோம். இப்போது தலைப்பில் தமிழையும், விளக்கத்தில் தோட்டத்தின் பெயர், பட்டணத்தின் பெயர், மாநிலம் ஆகியவற்றை மலாய் எழுத்துக் கூட்டலிலும் தருகிறோம்.

பார்வை எண்ணிக்கையைக் கொண்டு தளங்களை ஒப்பிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், காணொலி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. ஆகையால் குறுங்காணொலிக்கு வந்த ஆயிரத்தையும் முழுப் பதிவுக்கு வந்த நாற்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அந்த நாற்பதில் எத்தனை பேர் பாதிக்கு மேல் பார்த்தார்கள் என்பதைக் கணக்கின் உள்ளே போய்ப் பார்க்கலாம். எங்களுக்கு அந்தச் சிறிய எண்தான் தெம்பு தந்தது.

வருமானத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஷார்ட்ஸ் விளம்பர வருவாயில் படைப்பாளிக்குரிய பங்கில் 45 விழுக்காட்டை யூடியூப் 2023 பிப்ரவரி முதல் தருகிறது. அந்தத் தகுதியைப் பெற 1,000 சந்தாதாரர்களோடு, தொண்ணூறு நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ, பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேர நெடுங்காணொலிப் பார்வையோ வேண்டும். பாட்டிகளின் பேச்சைக் கொண்டு அந்த எண்ணைத் துரத்தத் தொடங்கினால் எதை வெட்டுவோம், எதைக் கூட்டுவோம் என்பதை நினைத்துப் பார்த்து, அந்தப் பேச்சை அன்றே விட்டுவிட்டோம். முறுக்கு விற்பவருக்கோ தையல் கடைக்காரருக்கோ கணக்கு வேறு. அவர்களுக்கு, பார்த்த இடத்திலேயே பொருளை வாங்கவைக்கும் டிக்டாக் ஷாப் 2022இல் மலேசியாவுக்கு வந்தது பெரிய உதவி.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் மூன்று நிமிடம்வரை ஏற்றும் வசதி 2025 ஜனவரியில் வந்தது. டிக்டாக்கில் ஏற்றியதை இறக்கி அப்படியே இங்கே போட்டால், மேலே தெரியும் டிக்டாக் முத்திரை காரணமாக அது பிறருக்குப் பரிந்துரைக்கப்படாது. தொகுத்த கோப்பை முத்திரை இல்லாமல் தனியே சேமித்து வைத்து அதை ஏற்ற வேண்டும். எங்களிடம் இருந்த நேரத்துக்கு அது நான்காவது வேலையாக நின்றது; விட்டுவிட்டோம். நகர்ப்புறத்து இளையோரை மட்டும் நாடுவோர் வேறு முடிவுக்கு வரலாம்.

முகநூலின் மேல் அண்ணன் வைத்திருந்த நம்பிக்கை வீண்போகவில்லை. எங்கள் வயதினர் உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறார்கள். வட்டாரத்துத் தோட்டங்களின் பெயரில் நடக்கும் குழுக்களில் ஒரு பழைய நிழற்படத்தைப் போட்டால், படத்தில் இருப்பவர்களை வலமிருந்து இடமாகப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். ஆயினும் காணொலியை அங்கேயே குடிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முகநூலில் நேரலையாக ஒளிபரப்பும் எதுவும் 2025 பிப்ரவரி 19 முதல் முப்பது நாளுக்கு மட்டுமே அங்கே தங்கும் என்று விதி வந்திருக்கிறது. தீமிதியையும் தேரையும் நேரலையில் காட்டிவிட்டு, பதிவு அங்கே இருக்கிறதென்று நிம்மதியாக இருக்கும் கோவில் நிர்வாகங்கள் இதை இன்றே கவனிக்க வேண்டும். இறக்கி வைக்காவிட்டால் அடுத்த மாதம் அது இருக்காது. முகநூல் குழுவில் யூடியூப் இணைப்பையும் ஒரு நிழற்படத்தையும் போடுவதே எங்கள் வழியாயிற்று.

அக்கா சொன்ன புலனத்தைத் தொழில்நுட்பக் காரணத்தால் ஒதுக்கிவிட முடியாது. ஒரு குழுவில் 1,024 பேர்வரை சேரலாம். காணொலியைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைகிறதென்றால், ஆவணமாக இணைத்து 2 கிகாபைட்வரை அப்படியே அனுப்பலாம். அவருடைய கேள்வி வேறு. “அம்மா நம்மள நம்பிப் பேசினாங்க. ஊருக்கே போட்டுக் காட்டவா பேசினாங்க?” என்று அவர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. பேசியவர்களில் பெரும்பாலோர் கைப்பேசி முன்னால் இருந்ததையே மறந்து பேசியவர்கள். கங்காணி ஒருவரின் பெயரைச் சொல்லி, கூலியில் பிடித்ததைச் சொல்கிறார்கள். அவர் பிள்ளைகள் இன்றும் பக்கத்துத் தாமானில் இருக்கிறார்கள். ஆகையால் எந்தப் பதிவையும் முதலில் பேசியவர் குடும்பத்துக்குப் புலனத்தில் அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகே வேறிடத்துக்குக் கொண்டுபோவதென்று வைத்துக்கொண்டோம். பொதுவில் வேண்டாம், ஆனால் உறவினர்க்குக் கிடைக்க வேண்டும் என்பவர்களின் பதிவை, யூடியூபில் பட்டியலிடப்படாத காணொலியாக வைக்கிறோம். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கலாம், தேடலில் வராது. அக்காவின் தாயார் பேசியது அப்படித்தான் இருக்கிறது. புலனத்தோடு மட்டும் நிற்காததற்குக் காரணம் ஒன்றே: கை மாறிக் கை மாறிப் போகும்போது யார் பேசியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பது முதல் பகிர்விலேயே உதிர்ந்துவிடுகிறது.

கருத்துப் பகுதியைப் பற்றியும் ஒரு சொல். இனம், மதம், அரச அமைப்பு ஆகிய மூன்றையும் தொடும் பேச்சு இந்த நாட்டில் எவ்வளவு விரைவில் தீப்பற்றும் என்பதை நாம் அறிவோம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரை மிரட்டும், துன்புறுத்தும் நோக்கத்தோடு இயங்கலையில் இடும் உள்ளடக்கத்தைக் குற்றமாக்குகிறது. நாட்டில் எண்பது இலட்சம் பயனர்களுக்குமேல் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டுமென்ற விதியும் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. எங்களுக்கு எழுத வருகிறவர்கள் நல்லவர்களே. ஆனாலும் எல்லாக் கருத்துகளையும் நாங்கள் படித்து ஒப்பிய பிறகே வெளிவரும்படி வைத்திருக்கிறோம். தினமும் இரவில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்க ஆள் இல்லாதவர்கள், கருத்துப் பகுதியை மூடிவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதை நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம். எங்களில் ஒருவரின் கைப்பேசி மழையில் நனைந்து, ஒரு தாத்தாவின் இரண்டு மணி நேரப் பேச்சு போய்விட்டது. மறுபடியும் கேட்க அவர் இல்லை. கைப்பேசியில் எடுக்கும் தெளிவான காணொலி மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 கிகாபைட் இடம் பிடிக்கும். 31 மணி நேரத்துக்கு ஒரு டெராபைட் வன்தட்டு ஒன்றே தாராளம். இரண்டு வாங்கினோம். ஒன்று சுங்கை சிப்புட்டில் ஆசிரியர் வீட்டிலும் மற்றது ஈப்போவில் தம்பி வீட்டிலும் இருக்கின்றன, ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மற்றது தப்பட்டும் என்று. மூலக்கோப்பு கையில் பத்திரமாக இருந்தால், தளத்தைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறு எதையும் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

எங்கள் முடிவு இதுதான். குடும்பம் ஒப்பிய முழுப் பதிவு யூடியூபில், பகுதி பிரித்து, இரண்டு எழுத்திலும் பெயர் தேடும்படி இருக்கும். அதிலிருந்து வாரத்துக்கு ஒன்று, அறுபது விநாடிக்குள், கைவேலையோ பாட்டோ உணவோ மட்டும் வெட்டி எடுத்து, ஒரே கோப்பை ஷார்ட்ஸிலும் டிக்டாக்கிலும் ஏற்றுவோம். முகநூல் குழுவுக்கு இணைப்பு போகும். தளம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், பதிவு நீளமானதாகவும் வரலாறு சார்ந்ததாகவும் இருந்தால் யூடியூபையும், காட்டிப் புரியவைக்கும் பொருளாக இருந்து பார்ப்பவர்கள் மலேசியாவுக்குள் இருபது வயதை ஒட்டியவர்களாக இருந்தால் டிக்டாக்கையும் எடுக்கலாம் என்பது என் கருத்து. இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறவர்களுக்கு யூடியூபையே சொல்வேன்; அங்கிருந்து குறுக்கிக்கொண்டு வேறிடம் போகலாம், டிக்டாக்கில் தொடங்கியவர்கள் நீளத்துக்குத் திரும்புவது கடினம்.

பதிவு செய்யும் முறையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இதுவரை கைப்பேசியைக் கிடையாக வைத்தே எடுத்தோம். அதிலிருந்து நெடுக்குக் காணொலி வெட்டும்போது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சுகிறது; பேசுபவரின் முகத்தைக் காப்பாற்றினால் கை போய்விடுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை, பால் கொட்டகையில் நாற்பது ஆண்டு வேலை செய்த ஒரு தாத்தாவைப் பார்க்கப் போகிறோம். அமிலம் கலந்து பாலை உறைய வைத்ததையும் உருளையில் கொடுத்துத் தகடாக இழுத்ததையும் செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தமுறை இரண்டு கைப்பேசிகள் கொண்டுபோகிறோம். ஒன்று அவர் பேசி முடிக்கும்வரை கிடையாக ஓடிக்கொண்டிருக்கும். மற்றது நெடுக்காக நின்று அவருடைய கைகளை மட்டும் பார்க்கும்.